குடியாத்தம் வீடு: அண்ணன் கேட்கும் கையெழுத்து

அக்கா, அப்பா சொந்தமா வாங்கின வீடு, உயில் இல்லை, "பட்டா மாத்தத்தான்"னு அண்ணன் விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து கேக்குறார், இதுக்கெல்லாம் வக்கீல் வேணுமான்னு கேட்டிருக்கீங்க. கண்டிப்பா வேணும், அதுவும் கையெழுத்துக்கு முன்னாடி. வாரிசுச் சான்றிதழ் இருந்தா எல்லார் பேர்லயும் கூட்டுப் பட்டா வாங்கலாம். விடுதலைப் பத்திரம்னா பங்கையே விட்டுக்கொடுக்கறது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்க, மூணு பேருக்கும் சம பங்கு (அப்பாவைப் பெத்த பாட்டி இருந்தா அவங்களுக்கும்).

அணைக்கட்டு ஊர்ல எங்க அத்தை இப்படி ஒரு பத்திரத்தோட கடைசிப் பக்கத்தை மட்டும் பாத்துட்டுக் கைநாட்டு வெச்சாங்க. இன்னும் வாய்தாவுக்கு அலையறாங்க.

ஃபீஸ் பயம் வேணாம். வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டுல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்க. பெண்களுக்கு வருமான வரம்பில்லாம இலவச வக்கீல் தருவாங்க. போன்: 15100. பத்திர நகலைக் கையோட கொண்டுபோங்க.