பி.எஸ்.ஏ 1917 பாடி, போல்ட்ல வேற நம்பர்: டூப்ளிகேட் இல்லண்ணே

உசிலம்பட்டி அண்ணே, தாத்தாவோட .303 ரைஃபிள்ல பாடியில பி.எஸ்.ஏ (இங்கிலாந்து பர்மிங்காம் துப்பாக்கி கம்பெனி) 1917, போல்ட்ல (தோட்டாவை உள்ள தள்ளிப் பூட்டுற பாகம்) வேற நம்பர், டூப்ளிகேட்டான்னு கேட்டிருக்கீங்க, அதெல்லாம் இல்லண்ணே. மேகசினுக்கு முன்னாடி கட்டையில குறுக்க ஒரு ஸ்க்ரூ போகுதுன்னீங்கள்ல, அது வங்காளத்து இஷாப்பூர் ஃபேக்டரி வேலை, கட்டை பிளக்காம இருக்கப் போடுறது, அப்ப இங்கிலாந்துல செஞ்சது நம்மூர்ல ரிப்பேர் ஆகியிருக்கு. பேரல்லயும் நம்பர் பாருங்க. எஃப்.டி.ஆர்னு குத்தியிருந்தா ஃபேக்டரியில முழுசா பிரிச்சு ரிப்பேர் பண்ணது.

போல்ட் கைப்பிடிக்குப் பின்பக்கம் டார்ச் அடிச்சுப் பாருங்க, பழைய நம்பரை அடிச்சுட்டு பாடி நம்பரைக் குத்தியிருந்தா ஆர்மரர், அதாவது பட்டாளத்துத் துப்பாக்கி மெக்கானிக், பொருத்துனதா இருக்கும், அது இல்லேன்னா எங்கயோ மாறிப் போன போல்ட்டுதான், ஹெட்ஸ்பேஸ் கேஜ் (போல்ட்டுக்கும் தோட்டா உக்கார்ற இடத்துக்கும் உள்ள இடைவெளிய அளக்குறது) வச்சுப் பாக்காம தயவுசெஞ்சு சுட்றாதீங்க, தோட்டா கிழிஞ்சா கண்ணு போயிரும். லைசென்ஸ்ல உள்ள நம்பரும் பாடி நம்பரும் ஒண்ணான்னு பாத்துக்கங்க. உப்புத்தாள் மட்டும் போட்றாதீங்கண்ணே, எழுத்து அழிஞ்சா திரும்ப வராது.