ஸ்டேஷனுக்குள் இருந்தே உண்மை சொன்னால்: கேள்வி பதில்

இருபது வருடத்துக்கு மேலாகக் காவலர்களின் துறை விசாரணை வழக்குகளை நடத்தி வருகிறேன். தங்கள் துறைக்குள் நடக்கும் தப்பை வெளியே சொன்ன போலீஸ்காரர்கள் பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்டேஷன் பெயர், அதிகாரி பெயர், உங்கள் பேட்ஜ் எண் எதையும் இங்கே எழுதாதீர்கள். எழுதிய மூன்று கேள்விகளை நீக்கிவிட்டேன்.

கேள்வி (தென்மாவட்டம், பெயர் வேண்டாம்): சார், ஸ்டேஷன்ல நடக்குற தப்பை எழுதி எஸ்பிக்கு அனுப்பினா என்ன ஆகும்? ஒளிக்காம சொல்லுங்க.

முதல் வாரம் ஒன்றும் ஆகாது தம்பி. பிறகு ஆயுதப்படைக்கு மாற்றல் வரும், காரணம் 'நிர்வாக நலன்' என்றிருக்கும். மாற்றல் சட்டப்படி தண்டனை இல்லை. அப்பீல் போக முடியாத அடி என்பதால்தான் கை முதலில் அங்கே போகிறது. அடுத்து உங்கள் பழைய கதையைத் தோண்டுவார்கள்: என்றைக்கோ ரோல்காலுக்குப் பத்து நிமிடம் தாமதம், தொப்பி இல்லாமல் பாரா நின்றது. அதற்கு போலீஸ் ஒழுங்கு விதிப்படி ஒரு 3(ஏ) மெமோ, அதாவது சின்னத் தண்டனைக்கு. கோபம் அதிகமென்றால் 3(பி), பெரிய தண்டனைக்கு. நீங்கள் எழுதிய தப்பைப் பற்றி அந்த மெமோவில் ஒரு வரியும் இருக்காது.

தண்டனைக்குப் பதிலாக மாற்றலைப் பயன்படுத்தினால் செல்லாது என்று 2008 டிசம்பரில் சோமேஷ் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் மனு போன தேதியையும் மாற்றல் வந்த தேதியையும் நான் ஜட்ஜ் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டுமே! தபால் ரசீதும் ஒப்புகையும் இல்லாமல் என்னிடம் வருபவர்கள்தான் பாதிப்பேர். வாட்ஸ்அப்பில் சொன்னேன், போனில் சொன்னேன் என்பதெல்லாம் மனு இல்லை.

கேள்வி (கோவை): விசில் புளோயர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?

2014 மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த சட்டம். நடைமுறைக்கு வரும் தேதியைத்தான் அறிவிக்கவில்லை. 2004-இல் வந்த மத்திய அரசுத் தீர்மானப்படி ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதலாம், ஆனால் அது மத்திய அரசு ஊழியர்கள் பற்றிய புகாருக்கு. மாநிலப் போலீஸுக்கு அந்தக் கதவு இல்லை.

கேள்வி (செங்கல்பட்டு): பத்திரிகைக்குச் சொன்னால் பாதுகாப்புதானே?

1966-ஆம் ஆண்டின் போலீஸ் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் படியுங்கள். அனுமதியில்லாமல் பத்திரிகைக்குச் சொன்னால் 2 வருடம் வரை சிறை. எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் தேஜ் பகதூர் யாதவ் 2017 ஜனவரியில் தண்ணிப் பருப்பைக் காட்டி வீடியோ போட்டார், நாடே பார்த்தது. ஏப்ரலில் வேலை போனது.

கேள்வி (பெங்களூரு): வெளிநாட்டில் இப்படியெல்லாம் இருக்காதே சார்?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். அயர்லாந்துக்குப் போவோம்.

மாரிஸ் மெக்கேப், கேவன் மாவட்டத்தில் ஒரு சார்ஜென்ட். விசாரணைகள் ஒழுங்காக நடக்கவில்லை என்று 2008-இல் எழுத ஆரம்பித்தார். பிறகு, வேகமாக ஓட்டியவர்களின் உரிமத்தில் விழும் தண்டப் புள்ளிகளை அதிகாரிகள் வேண்டியவர்களுக்கு ரத்து செய்வதைக் கிளப்பினார். துறையின் கணினியில் அவர் பார்க்கக்கூடியது குறைக்கப்பட்டது. 2014 ஜனவரியில் ஆணையர் மார்ட்டின் காலினன் நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்து, இப்படிக் குற்றம் சாட்டுவது 'அருவருப்பு' என்றார்.

வெளியே தெரிந்தது அவ்வளவுதான். உள்ளே, மெக்கேப் குழந்தையிடம் தப்பாக நடந்தவர் என்ற பேச்சு பத்திரிகையாளர், அரசியல்வாதி காதுகளில் ஊதப்பட்டது. 2006-இல் ஒரு சக ஊழியரின் குடும்பத்திலிருந்து வந்த புகார் அது. வழக்குத் தொடர ஒன்றுமில்லை என்று 2007-லேயே அரசு வழக்கறிஞர் அலுவலகம் முடித்துவிட்டது. அது போதாதென்று 2013-இல் குழந்தைகள் நலத் துறைக் கோப்பில் அவர் பெயரின் கீழ் பாலியல் வல்லுறவுக் குற்றச்சாட்டே ஏறியது. வேறொருவர் கோப்பிலிருந்த வரிகள் வெட்டி ஒட்டும்போது இங்கே வந்துவிட்டனவாம்!

கடைசியில் ஆணையர் பதவியை விட்டுப் போனார், நீதி அமைச்சர் ஆலன் ஷாட்டர் போனார், 2017 நவம்பரில் துணைப் பிரதமர் பிரான்சிஸ் ஃபிட்ஸ்ஜெரால்டும் போனார். 2018 அக்டோபரில் நீதிபதி சார்ல்டன் ஆணையம், ஆணையர் காலினனே அவதூறுப் பிரசாரம் நடத்தினார் என்று எழுதியது.

நான் மாணவர்களிடம் சொல்லும் இடம் வேறு. 2008-இல் முல்லிங்கர் என்ற ஊரில் இரண்டு அதிகாரிகளை மெக்கேப் சந்தித்தார். 'ஒரு மேலதிகாரி மீதுள்ள பகையால்தான் புகார் கொடுத்தேன்' என்று அங்கே அவரே சொன்னதாக, ஏழு வருடம் கழித்து ஒரு விசாரணை ஆணையத்தில் பேச்சு வந்தது. மெக்கேப் அந்தச் சந்திப்பின் ஒலிப்பதிவை எடுத்து வைத்தார். பேச்சு அதோடு நின்றது. அந்தப் பதிவு இல்லையென்றால்?

கேள்வி (மஸ்கட்): செர்பிகோ பற்றிச் சொல்லுங்களேன்.

இதையே நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். நியூயார்க் போலீஸுக்குள் நடந்த லஞ்சத்தை வெளியே சொன்ன காவலர் செர்பிகோ. 1971 பிப்ரவரி 3. போதைமருந்துச் சோதனையில் முகத்தில் சுடப்பட்டார், உதவிக்கு அழைத்தது பக்கத்து வீட்டு முதியவர். பதக்கச் சான்றிதழ் முறையாகக் கைக்கு வந்தது 2022-இல்.

கேள்வி (திருச்சி): 'விசில் புளோயர்' என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் என்ன?

ஸ்டேஷனில் உள்ள சொல் 'போட்டுக் குடுத்தவன்'. எனக்கு ஆள்காட்டிதான் பிடிக்கும். ஆள்காட்டிக் குருவி தன் கூட்டுக்கு ஆபத்தென்றுதான் கத்துகிறது, வேட்டைக்குப் போகிறவன்தான் அதைத் திட்டுகிறான்.

கேள்வி (தூத்துக்குடி): ஐயா, சாத்தான்குளம் பெண் தலைமைக் காவலரை எல்லாரும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அவர் வெறும் சாட்சிதானே? மாஜிஸ்திரேட் கேட்டார், சொன்னார். தானாக வெளியே வரவில்லையே?

மறுக்கிறேன். 2020 ஜூனில் ஜெயராஜ், பென்னிக்ஸ் இறந்த பிறகு கோவில்பட்டி மாஜிஸ்திரேட் ஸ்டேஷனுக்கே போனார். போன நீதித்துறை அதிகாரியையே ஒருமையில் பேசிய இடம் அது. சிசிடிவி அன்றன்றைக்கு அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து, விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக்கறை இருக்கிறது, அழிப்பதற்குள் எடுங்கள் என்று சொன்னவர் அவர். கையெழுத்துப் போடப் பயந்தார், பிறகு போட்டார். 'எனக்குத் தெரியாது, நான் கம்ப்யூட்டர் அறையில் இருந்தேன்' என்று சொல்லியிருந்தால் யார் என்ன செய்திருக்க முடியும்?

அதே வாசகர்: உணர்ச்சிவசப்படுகிறீர்கள். அன்று இரவே அவர் போன் செய்திருந்தால் இரண்டு உயிர் மிஞ்சியிருக்கும். மெக்கேப் யாரும் கேட்காமலே எழுதினார்.

யாருக்குப் போன் செய்வது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

மற்றொருவர் (காவலர், 14 வருட சர்வீஸ்): நூறுக்கு அடிச்சா எங்க கன்ட்ரோல் ரூம்தான் சார் எடுக்கும்.

இதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால் தூத்துக்குடிக்காரர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு, அதை ஒத்துக்கொள்கிறேன்: தானாக எழுதியவருக்கு இங்கே பாதுகாப்பு இல்லை, சாட்சிக்கு உண்டு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த அம்மாவுக்குப் பாதுகாப்பு தர உத்தரவிட்டது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டமும் இருக்கிறது. அதனால்தான் என்னிடம் வரும் காவலர்களிடம், முடிந்தால் மாஜிஸ்திரேட் முன்னால் சாட்சியாகுங்கள் என்கிறேன். இந்த விவாதத்தில் இன்னும் பதினேழு பதில் வந்திருக்கிறது, எல்லாவற்றையும் படித்தேன். இத்தோடு விடுவோம்.

கேள்வி (மதுரை): மேலதிகாரி பேசுறத மொபைல்ல ரெக்கார்ட் பண்ணலாமா?

பதிவு செய்ததாலேயே சாட்சியம் செல்லாமல் போகாது. பதிவு செய்த கருவியையே பத்திரமாக வையுங்கள், புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள். அரசு கொடுத்த போனில் வேண்டாம்.

கேள்வி (சேலம்): ரெக்கார்டிங் செல்லுமா சார்?

மேலே.

கேள்வி (விழுப்புரம்): எஸ்பிக்கு வாட்ஸ்அப்புல அனுப்பிட்டேன், நீல டிக் விழுந்துடுச்சு. போதும்ல?

போதாது. தபால். ரசீது. ஒப்புகை. எத்தனை தடவை!

கேள்வி (ஒரு காவலரின் மனைவி): அண்ணா, மனு கொடுத்ததிலிருந்து அவர் ராத்திரி தூங்குவதே இல்லை. டாக்டரிடம் கூட்டிப் போனால் 'புத்தி சரியில்லாதவன்' என்று துறையில் எழுதிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் வெறும் கற்பனை இல்லை தங்கச்சி. நியூயார்க்கில் ஏட்ரியன் ஸ்கூல்கிராஃப்ட் என்ற காவலர், கைதுக் கணக்குக் கேட்டு மேலதிகாரிகள் நெருக்குவதையும் புகார்களைச் சின்னதாக்கி எழுதுவதையும் ரகசியமாகப் பதிவு செய்து வந்தார். 2009 அக்டோபர் 31 அன்று உடம்பு முடியவில்லை என்று சீக்கிரம் வீட்டுக்குப் போனார். அதிகாரிகள் வீடு புகுந்து தூக்கிக்கொண்டு போய் மனநலப் பிரிவில் சேர்த்தார்கள். 6 நாள். அவர் கையிலிருந்த ரெக்கார்டரைப் பிடுங்கினார்கள், அறையில் இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. 2015-இல் நகர நிர்வாகம் 6 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது.

ஆனாலும் கூட்டிப் போங்கள். போலீஸ் ஆஸ்பத்திரிக்கு வேண்டாம், நீங்களே தேர்ந்தெடுத்த டாக்டரிடம், நீங்களும் கூடவே. முன்பு சிகிச்சை எடுத்ததை மட்டும் வைத்து ஒருவரை மனநோயாளி என்று முடிவுகட்ட முடியாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்கிறது. சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மனுவின் நகலை உங்கள் அம்மா வீட்டில் வையுங்கள். இந்தக் கேள்வியை ஒரு மணி நேரத்தில் நீக்கிவிடுகிறேன், அதற்குள் படித்துவிடுங்கள்.