ஜெபிக்க வாய் வரலைன்னா? - அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, எங்களுக்கு ஏரல் பக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்துல என் தையல் கடைக்குள்ள ஆத்துத் தண்ணி புகுந்து எல்லாம் போச்சு. கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம்தான் இருந்துச்சு, வெட்டி வச்ச ஜாக்கெட்டு, புள்ளைங்க ப்ராக்கு, ரெண்டு மெஷினு எல்லாத்துலயும் சேறு. துணி கொடுத்தவங்களுக்கு நாந்தான் காசு கட்டுனேன். அதுக்கு வாங்குன குழுக்கடன் இன்னும் ஓடுது. அந்த வருஷ வாட்ச் நைட் ஆராதனையில (டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை) எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில, அதான் புது வருஷத்துக்குன்னு ஒரு வேத வசனம் அச்சடிச்சுக் கொடுக்குற அட்டையில, இருந்தது எரேமியா 29:11. பீரோ கதவுல ஒட்டி வச்சிருக்கேன், இப்ப அதைப் பாத்தாலே கோவந்தான் வருது. முழங்கால் போட்டா வாயே வரமாட்டேங்கு. சபையில ஒரு அம்மா "உனக்கு விசுவாசம் பத்தலை"ங்காங்க. ராத்திரி தூக்கமும் கிடையாது, சில நாள் இப்படியே முழிக்காம போயிட்டா நல்லாருக்கும்னு தோணுது. இப்படி நினைக்கிறது பாவமாக்கா?

பதில்: பாவம் இல்லம்மா. அத மொதல்ல சொல்லிடுறேன். நீங்க சொன்ன அதே வார்த்தையை எலியா தீர்க்கதரிசி சொல்லியிருக்காரு, 1 இராஜாக்கள் 19ம் அதிகாரம் எடுத்துப் பாருங்க. முந்தின அதிகாரத்துலதான் கர்மேல் மலையில வானத்துலருந்து அக்கினி எறங்க வச்ச மனுஷன், யேசபேல் ராணி ஒரு ஆள அனுப்பி மிரட்டுனதும் உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி ஒரு சூரைச்செடிக்குக் கீழ உக்காந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்"ங்காரு. அதுக்கு ஆண்டவர் என்ன பண்ணாருங்கிறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஒரு பிரசங்கமும் பண்ணல, ஏன்டா விசுவாசம் இல்லைன்னு கேக்கல, தூங்க விட்டாரு. தூதன் வந்து தட்டி எழுப்பி சாப்பிடுங்கான், பாத்தா தலைமாட்டுல தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் இருக்கு. சாப்பிட்டு மறுபடி படுத்துக்கிட்டாரு, அதுக்கும் திட்டு இல்ல, ரெண்டாவது தடவையும் எழுப்பி சாப்பிடச் சொல்லி "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்"னுதான் தூதன் சொல்றான். ஓரேப் மலையில ஆண்டவர் அவர்கிட்ட பேசுனதெல்லாம் அப்புறம், 40 நாள் நடந்து போன பிறகு.

அதனால உங்களுக்கும் மொதல்ல தூக்கம் வேணும். பக்கத்துல இருக்குற அரசு ஆஸ்பத்திரிக்குப் போயி தூக்கம் இல்ல, இப்படி ஒரு நினைப்பு வருதுன்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, மாத்திரை கொடுத்தா வாங்கிப் போடுங்க, மாத்திரை போட்டா விசுவாசம் கொறைஞ்சிரும்னு யாராச்சும் சொன்னா அவங்க சுகருக்கு என்ன போடுறாங்கன்னு கேளுங்க. நடுராத்திரி அந்த நினைப்பு வந்தா 14416க்குப் போன் போடுங்க, காசு கிடையாது, அரசாங்க மனநல உதவி லைன், தமிழ்லயே பேசலாம். வீட்டுக்காரர்கிட்டயும் இன்னைக்கே சொல்லிருங்க.

இப்ப அந்த அட்டைக்கு வாரேன். உங்க கோவம் நியாயம்தான், ஆனா அது வசனத்து மேல வரவேண்டிய கோவம் இல்ல, அதை மட்டும் தனியா பிச்சு அச்சடிச்சுக் கொடுத்த நம்ம பழக்கத்து மேல வரவேண்டியது. எரேமியா 29 ஒரு லெட்டரு. எருசலேம்ல இருந்து எரேமியா எழுதுறாரு, பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் வீடு வாசல்ல இருந்து பிடுங்கிட்டுப் போன ஜனங்க பாபிலோன்ல இருக்காங்க, அவங்களுக்கு. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே"ன்னு ஆண்டவரோட நினைவுகளைப் பத்தி 11ம் வசனம் சொல்லுது, சரி. அதுக்கு முந்தின 10ம் வசனத்துல 70 வருஷம் கழிச்சுத்தான் திரும்பி வருவீங்கன்னு இருக்கு! அதை எந்த அட்டையிலயும் நான் பாத்ததே இல்ல. இன்னொண்ணும் கேளுங்க, ஒரு அதிகாரம் முன்னாடி அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி ரெண்டே வருஷத்துல எல்லாம் திரும்பி வந்துரும்னு கூட்டத்துக்கு முன்னாடி அடிச்சு விட்டாரு. ஜனங்களுக்கு அது எவ்ளோ இனிச்சிருக்கும். பொய்யாப் போச்சு.

5ம் வசனத்தையும் படிங்க, வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அதுல விளையுறத சாப்பிடுங்கன்னு இருக்கு. பாபிலோன்ல இருந்துக்கிட்டேதான். எல்லாம் பழையபடி ஆன பிறகுதான் வாழணும்னு ஆண்டவர் சொல்லல. உங்க விஷயத்துல, கடன் முடியட்டும் பாப்போம்னு உக்காராம வாடகைக்கு ஒரு மெஷின் போட முடியுமான்னு விசாரிங்க, ஃபால்ஸ் அடிக்கிற வேலையா இருந்தாலும் சரி. வெள்ளம் வந்த அன்னைக்குப் பக்கத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சு, அது யார் விசுவாசத்தையும் பாத்துப் பெய்யல, கோயில் வீடு பள்ளிவாசல்னு எல்லாத்துக்குள்ளயும்தான் தண்ணி போச்சு.

ஜெபம் வரலைன்னா வரவேண்டாம். சங்கீதம் 88ஐ எடுத்து சத்தமா வாசிங்க, அவ்ளோதான். மத்த புலம்பல் சங்கீதத்துல கடைசியில ஒரு துதியாவது வரும், இதுல அதுகூட இல்ல, இருட்டுலயே முடியுது. அதையும் வேதத்துல வச்சிருக்காங்களே, ஏன்? இப்படி ஒரு ஜெபமும் ஆண்டவருக்கு முன்னாடி செல்லும்னுதானே. சிலுவையில இயேசுவே 22ம் சங்கீதத்துல இருந்து "ஏன் என்னைக் கைவிட்டீர்"னுதான் கத்துனாரு. எனக்குத் தெரிஞ்ச கிறிஸ்தவ நம்பிக்கை இதுதாம்மா, கத்துறதுக்கு ஒருத்தர் இருக்காரு, அவரும் அந்த எடத்துல நின்னவரு, மூணாம் நாள் கல்லறைக்குள்ள அவர் இல்ல. இந்தக் கடைசி விஷயம் இப்ப உங்களுக்கு எட்டாத மாதிரி இருக்கலாம், பரவால்ல, சபையில மத்தவங்க விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது நீங்க சும்மா நில்லுங்க, அவங்க உங்களுக்கும் சேத்து சொல்லட்டும்.

விசுவாசம் பத்தலைன்னு சொன்ன அந்த அம்மாகிட்ட, டோனாவூர்ல புள்ளைங்களுக்கு இல்லம் நடத்துன மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் பத்திக் கேளுங்க. 1931ல கீழ விழுந்து அடிபட்டவங்க, 1951ல சாகுற வரைக்கும் பெரும்பாலும் ரூமுக்குள்ளயேதான், சுகமாகணும்னு எத்தனை பேர் ஜெபிச்சிருப்பாங்க. அவங்களுக்கும் விசுவாசம் பத்தலையாமா?

கேள்வி: அக்கா, பக்கத்து வீட்டுல ஒரு பையன் பைக் ஆக்ஸிடென்ட்ல தவறிட்டான். அவன் அம்மாவைப் பாக்கப் போகணும், என்ன வசனம் சொல்லி ஆறுதல் படுத்துறதுன்னு தெரியல.

பதில்: ஒண்ணும் சொல்லாதீங்க. வேதத்துல யோபுன்னு ஒருத்தர், புள்ளைங்க சொத்து எல்லாத்தையும் பறிகொடுத்தவரு, அவரோட சிநேகிதங்க வந்து 7 நாள் ராப்பகலா தரையில கூட உக்காந்திருந்தாங்க, ஒரு வார்த்தை பேசல. அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, வாயத் தொறந்ததும்தான் கெட்டுச்சு. "ஆண்டவருக்குப் பிரியமான பிள்ளை, எடுத்துக்கிட்டாரு"ன்னு மட்டும் சொல்லிராதீங்க, பெத்தவளுக்கு அது அடி. ஒரு தூக்குல ரசஞ்சோறு கொண்டு போங்க. முடிஞ்சா 16ம் நாள், 30ம் நாள் கூட்டமெல்லாம் ஓஞ்ச பிறகும் போங்க, அப்பதான் அந்த வீட்டுல ஆளே இருக்காது.

கேள்வி: கடன் தீரணும்னா விசுவாசத்தோட 5,000 ரூபா விதை காணிக்கை விதைங்கன்னு டிவியில ஒரு ஊழியக்காரர் சொல்றாரு. வேதத்துல ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில ரெண்டு காசு போட்டாளேன்னு அதையும் காட்டுறாரு. கைமாத்து வாங்கிப் போடலாமாக்கா?

பதில்: போடாதீங்க. அந்த விதவை கதை மாற்கு 12ல இருக்கு, ஆனா அதுக்குச் சரியா முன்னாடி இயேசு என்ன சொல்றாருன்னு அவர் வாசிச்சிருக்க மாட்டாரு, விதவைங்க வீட்டைப் பட்சிச்சுட்டு பார்வைக்கு நீளமா ஜெபம் பண்றவங்களுக்கு அதிக ஆக்கினை, அதான் தண்டனை, வரும்ங்காரு. ரெண்டையும் சேத்துப் படிங்க. அந்த விதவைகிட்ட யாரும் வசூலுக்கும் போகல, கைமாத்து வாங்கியும் அவ போடல. அந்த 5,000 கையில பொரண்டா இந்த மாசத் தவணையக் கட்டுங்க.