குறிக்கும் குண்டுக்கும் இடையே: வாசகர் கேள்வி பதில்

தொலைதூர வேட்டையில் குறிவைப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்புக்கு வந்த கடிதங்களில் ஆறினை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பதில்களில் வரும் எண்கள் அனைத்தும், நொடிக்குச் சுமார் 808 மீட்டர் வேகத்தில் புறப்படும் 168 கிரெய்ன் (சுமார் 10.9 கிராம்) எடையுள்ள, 308 வின்செஸ்டர் என்னும் தோட்டா வகையின் குண்டுக்கு உரியவை.

கேள்வி: கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்து மலையடிவாரத்தில் மான் வேட்டைக்குச் செல்கிறேன். என் ரைபிளை 100 மீட்டருக்கு ஜீரோ செய்திருக்கிறேன். 300, 400 மீட்டரில் எவ்வளவு உயர்த்திக் குறிவைக்க வேண்டும்? இந்த அளவைக் கணக்கிட்டுத் தரும் கைபேசிச் செயலி சொல்வதை அப்படியே நம்பலாமா? (கால்கரி வாசகர்)

பதில்: 100 மீட்டரில் குறியும் குண்டும் ஒரே புள்ளியில் சேருமாறு ஸ்கோப்பை, அதாவது ரைபிளின் மேலுள்ள குறிபார்க்கும் தொலைநோக்கியை, திருத்தியிருந்தால் (ஜீரோ செய்வது என்பது இதுதான்), 200 மீட்டரில் குண்டு சுமார் 15 செ.மீ. தாழ்ந்திருக்கும்; 300 மீட்டரில் அது அரை மீட்டருக்குச் சற்று மேலாகவும், 400 மீட்டரில் ஏறத்தாழ 1.15 மீட்டராகவும், 500 மீட்டரில் 2 மீட்டராகவும் பெருகிவிடும். தூரம் இரட்டிப்பானால் தாழ்வும் இரட்டிப்பாகும் என்று எண்ணுவோர் தவறுவது இங்கேதான்: வீழ்ச்சி பறக்கும் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, குண்டோ போகப் போக வேகம் இழக்கிறது. மில் என்பது ஸ்கோப்பின் குறியிழைக் கோடுகள் காட்டும் கோண அளவு; ஒரு மில் 100 மீட்டரில் 10 செ.மீ., 400 மீட்டரில் 40 செ.மீ. என்பதால், 400 மீட்டருக்கு நீங்கள் ஏற்றிப் பிடிக்க வேண்டியது 2.9 மில்.

செயலியின் கணக்குப் பிழைப்பது அரிது. நாம் அதற்குக் கொடுக்கும் எண்கள்தான் பெரும்பாலும் பிழையானவை. தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட வேகம் தொழிற்சாலையின் சோதனைக் குழலில் அளந்தது. உங்கள் குழல் அதைவிடக் குட்டையாக இருந்து, வேகம் நொடிக்கு 30 மீட்டர் குறைந்தால், 400 மீட்டரில் குண்டு இன்னும் சுமார் 10 செ.மீ. கீழே போகும். ஆகவே குண்டின் வேகத்தை அளக்கும் கருவியான க்ரோனோகிராஃபில் உங்கள் ரைபிளின் வேகத்தை நீங்களே அளந்து, அந்த எண்ணையே உள்ளிடுங்கள். இன்னொரு பிழை, குண்டு காற்றை எவ்வளவு எளிதாகக் கிழிக்கிறது என்பதைக் காட்டும் குணகத்தை (எண் கூடினால் தடை குறைவு) மாற்றிப் போடுவது. அதற்கு ஜி1, ஜி7 என இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஜி1 என்பது தட்டையான அடிப்பாகம் கொண்ட பழைய வடிவக் குண்டை அளவுகோலாக வைத்தது. ஜி7 நீண்டு பின்புறம் குறுகும் இன்றைய வடிவத்துக்கானது. ஒரே குண்டுக்கு ஜி7 எண் ஜி1 எண்ணில் ஏறத்தாழப் பாதிதான். ஜி1 எண்ணை ஜி7 கட்டத்தில் இட்டால், உண்மையில் இல்லாத அளவுக்குக் காற்றைக் கிழித்துச் செல்லும் குண்டாக அதைக் கருதிக்கொண்டு, செயலி தாழ்வைக் குறைத்துச் சொல்லும்.

கேள்வி: குழலை விட்டு வெளியேறும் குண்டு முதலில் மேலெழும்பிப் பிறகு கீழிறங்குகிறது என்று என் நண்பன் சொல்கிறான். அது உண்மையா? (கோயம்புத்தூர் கல்லூரி மாணவர்)

பதில்: குழலின் அச்சுக்கோட்டுக்கு மேலே குண்டு எழுவதே இல்லை, வாயை விட்ட கணத்திலிருந்தே அந்தக் கோட்டுக்குக் கீழே விழத் தொடங்குகிறது. ஸ்கோப்பின் பார்வைக்கோடு குழலுக்குச் சில செ.மீ. மேலே இருப்பதாலும், இரண்டு கோடுகளும் தொலைவில் வெட்டிக்கொள்ளும்படி குழலை மிக நுண்மையாக மேல்நோக்கிச் சாய்த்திருப்பதாலும், பார்வைக்கோட்டைக் கடந்து மேலே போய்த் திரும்புவதுபோல் தோன்றுகிறது. காற்றே இல்லாவிட்டால் இந்தக் குண்டு 400 மீட்டரை அரை நொடிக்குள் கடந்து, குழல் கோட்டிலிருந்து 1.2 மீட்டர் மட்டுமே விழும். காற்றில் அதற்கு ஏறத்தாழ 0.59 நொடி ஆகிறது, வீழ்ச்சியும் 1.6 மீட்டரைத் தொடுகிறது. காற்றின் தடை எவ்வளவு வலியது என்பதைப் பீரங்கிக்காரர்கள் நெடுங்காலம் குறைத்தே மதித்திருந்தனர். 1742இல் ஆங்கிலேயர் பெஞ்சமின் ராபின்ஸ், தொங்கும் மரக்கட்டையில் குண்டைச் சுட்டு, கட்டை ஆடும் அளவைக் கொண்டு வேகத்தைக் கணித்த பின்னரே அந்த மதிப்பீடு திருந்தியது.

கேள்வி: கணக்குச் சரியாக இருந்தும், 400 மீட்டரில் 3 மில் கோட்டை வைத்துச் சுட்டபோது குண்டு இலக்கின் தலைக்கு மேலே எங்கோ பறந்துவிட்டது. ரைபிள் பழுதா?

பதில்: ரைபிளைச் சந்தேகிப்பதற்கு முன் உங்கள் ஸ்கோப்பின் அமைப்பைப் பாருங்கள். வேட்டை ஸ்கோப்புகள் பலவற்றில் குறியிழை இரண்டாம் குவியத்தளத்தில், அதாவது உருப்பெருக்கும் வில்லைகளுக்குப் பின்னால், இருக்கும். உருப்பெருக்கத்தை மாற்றினாலும் இழையின் அளவு மாறாது. அதனால் கோடுகளின் மதிப்பு ஒரே ஓர் உருப்பெருக்கத்தில், பெரும்பாலும் உச்ச அளவில்தான், சரியாக இருக்கும். 12 மடங்கில் சரியான 3 மில் கோடு, 6 மடங்கில் 6 மில்லைக் குறிக்கும். 400 மீட்டரில் 1.2 மீட்டர் உயர்த்துவதற்குப் பதில் 2.4 மீட்டர் உயர்த்தியிருக்கிறீர்கள். குறியிழை அந்த வில்லைகளுக்கு முன்னால் இருந்து காட்சியோடு சேர்ந்தே பெருகும் முதல் குவியத்தள ஸ்கோப்பில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதில் குறைந்த உருப்பெருக்கத்தில் இழை மெலிந்து, அந்திப்பொழுதில் கண்ணுக்கே தெரியாமற்போவதுண்டு.

கேள்வி: மேட்டை நோக்கிச் சுடும்போது உயர்த்தியும், பள்ளத்தை நோக்கிச் சுடும்போது தாழ்த்தியும் குறிவைக்க வேண்டும் என்கிறார்கள். சரியா?

பதில்: பாதிதான் சரி. இரண்டு நிலையிலும் சமதளத்துக்கு வேண்டியதைவிடக் குறைவாகவே ஏற்ற வேண்டும். குண்டைப் பார்வைக்கோட்டிலிருந்து விலக்குவது, அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக விழும் ஈர்ப்பின் பங்கு மட்டுமே. சரிவு கூடக் கூட அந்தப் பங்கு சுருங்குகிறது. 30 பாகைச் சரிவில் 400 மீட்டர் தொலைவிலுள்ள மானுக்கு 2.9 மில் பிடித்தால், குண்டு ஏறக்குறைய ஒரு சாண் மேலே போகும். கிடைத்தளத் தூரமான 346 மீட்டருக்குரிய அளவைப் பிடிப்பது வேட்டைக்காரர்களின் பழைய வழக்கம். அது கொஞ்சம் குறைவாகவே ஏற்றும். சரிவைத் தானே கணக்கிடும் ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கும் கருவி) கையிலிருந்தால் அதை நம்புவது மேல்.

கேள்வி: தமிழ்நாட்டில் இப்படி வேட்டையாட உரிமம் பெற வழி உண்டா?

பதில்: இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பொழுதுபோக்குக்காக வேட்டையாட இந்தியாவில் இடமில்லை. துப்பாக்கிச் சுடுதல் சங்கங்களின் களங்களில் அட்டை இலக்குகள் இருக்கின்றன.

கேள்வி: கணக்கு இவ்வளவு துல்லியமென்றால், 600 மீட்டரில் மானைச் சுடுவதில் என்ன தவறு? (எட்மன்டன் வாசகர்)

பதில்: ஈர்ப்பு என்றும் மாறாதது, அதனால் அதைக் கணக்கிட முடிகிறது. காற்று அப்படியன்று. பக்கக்காற்று குண்டை எவ்வளவு தள்ளும் என்பதற்கு எளிய வாய்பாடு உண்டு: காற்றில்லா வெளியில் ஆகும் நேரத்தைவிடக் குண்டு எவ்வளவு தாமதிக்கிறதோ, அந்தத் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்க வேண்டும். 600 மீட்டர் இருக்கட்டும், 400 மீட்டரிலேயே தாமதம் 0.095 நொடி; நொடிக்கு 3 மீட்டர் வேகமுள்ள காற்று குண்டை 28 செ.மீ. நகர்த்தும். மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதியின் விட்டம் சுமார் 20 செ.மீ. நடுவில் குறிவைத்திருந்தால், 28 செ.மீ. விலகிய குண்டு வயிற்றில் பாய்ந்து, அந்த விலங்கு பல மணி நேரம் துடித்துச் சாகும். உங்கள் பகுதியில் ராக்கி மலையிலிருந்து இறங்கும் சினூக் காற்றை எண்ணிப்பாருங்கள்: நீங்கள் படுத்திருக்கும் புல்மேட்டில் ஒரு வேகம், நடுப்பள்ளத்தில் வேறு, மான் நிற்கும் சரிவில் எதிர்த்திசை. இம்மூன்றையும் செயலியால் அளக்க முடியாது.

ரைபிளின் சிதறலும் உண்டு. 100 மீட்டரில் 5 செ.மீ. வட்டத்துக்குள் குண்டுகளைச் சேர்க்கும் ரைபிளை நல்ல ரைபிள் என்போம். 400 மீட்டரில் அதே வட்டம் 20 செ.மீ. ஆகி, காற்றே வீசாத நாளிலும் உங்களுக்கு உள்ள இடம் முழுவதையும் விழுங்கிவிடுகிறது. மானும் சிலையாக நிற்பதில்லை. நிதானமாக ஓர் அடி எடுத்துவைத்தாலும், குண்டு பறக்கும் 0.59 நொடிக்குள் அரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும்.

பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய பூன் அண்ட் குரோக்கெட் கிளப் என்னும் வேட்டையாளர் சங்கம் நெறிப்பட்ட வேட்டையையே தன் அடிப்படையாகக் கொண்டது. விலங்கு நம்மை உணரவே வாய்ப்பில்லாத தூரத்திலிருந்து சுடுவதை அது ஏற்பதில்லை. அந்த வாதத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், 200 மீட்டருக்கு ஜீரோ செய்வதே நான் சொல்லக்கூடியது. அப்போது 100 மீட்டரில் குண்டு 7 அல்லது 8 செ.மீ. உயர்ந்தும், 240 மீட்டரில் 10 செ.மீ.க்குள் தாழ்ந்தும் இருக்கும். எந்தக் கணக்கும் இன்றி மார்பின் நடுவில் குறிவைக்கலாம். அதற்கு அப்பால் சுடத்தான் வேண்டுமென்றால், வேட்டைக்கு முன் பயிற்சிக் களத்துக்குப் பத்து நாள் போங்கள். ஒவ்வொரு நாளும் குழல் குளிர்ந்திருக்கையில், களத்து மேசையில் அல்லாமல் முதுகுப்பையின் மேல் ரைபிளைச் சாய்த்து, ஒரே ஒரு குண்டை மட்டும் 20 செ.மீ. தட்டில் சுடுங்கள். பத்தும் தட்டில் படுகிற தூரம் எதுவோ, அதுவே இந்த ஆண்டுக்கு உங்கள் தூரம்.