மீன் முதுகில் பஞ்சு: அந்தப் பச்சை மருந்தைத் தொடாதீர்கள்

கேள்வி: குடியாத்தம் பக்கம் 10 சென்ட் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு விட்டிருக்கிறேன். மார்கழி பிறந்ததும் வலை இழுத்து எடை பார்த்தோம். ஐந்தாறு நாளில் சில மீன்களின் முதுகிலும் வாலிலும் வெள்ளைப் பஞ்சு. குஞ்சு கொடுத்தவர் ஒரு பாட்டில் பச்சை மருந்து ஊற்றச் சொல்கிறார். இல்லாவிட்டால் மொத்த மீனையும் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறாராம். என்ன செய்யலாம்?

பதில்: இரண்டுமே வேண்டாம்.

முதலில் ஒரு மீனைத் தண்ணீரோடு பாத்திரத்தில் பிடித்துப் பாருங்கள். தண்ணீருக்குள் பஞ்சு மாதிரி விரிந்து நிற்கும், வெளியே தூக்கினால் சளி மாதிரி படிந்துவிடும். இதுதான் சாப்ரோலெக்னியா. பூஞ்சை என்றே சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் உறவுமுறை பார்த்தால் பாசி இனத்துக்குத்தான் பக்கம். அதனால் செடிக்கு வாங்கி வைத்த பூஞ்சைக்கொல்லியைக் குட்டையில் கலந்துவிடாதீர்கள்.

இதன் வித்து எல்லா ஏரி, குளத்துத் தண்ணீரிலும் இருக்கிறது. நல்ல தோலில் ஒட்டாது. உங்கள் வலை செதிலைப் பெயர்த்தது, மார்கழிக் குளிரில் மீனின் எதிர்ப்புச் சக்தி குறைந்தது, காயத்தில் இது குடியேறியது. அவ்வளவுதான். வெயில் ஏறும்வரை இனி வலை போடாதீர்கள். தீவனத்தையும் பாதியாகக் குறையுங்கள்.

அந்தப் பச்சை மருந்து பெரும்பாலும் மாலகைட் கிரீனாக இருக்கும். அது சாயம். விரலில் பட்டால் இரண்டு நாள் போகாது, மீன் சதையில் மாதக்கணக்கில் தங்கும். உண்ணும் மீனுக்கு அதைப் போடக் கூடாது என்று தடையே இருக்கிறது. ஆனாலும் லேபிள் இல்லாத பாட்டிலில் விற்கிறார்கள், கேட்க ஆளில்லை. மருந்தை விற்கிறவரே மீனையும் பாதி விலைக்குக் கேட்கிறார் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கல்லுப்பு போதும். 10 லிட்டருக்கு 200 கிராம் கரைத்து, பஞ்சு பிடித்த மீனை மட்டும் ஐந்து நிமிடம் விடுங்கள். புரண்டால் உடனே எடுத்துவிடுங்கள். குட்டை முழுக்க உப்பு கொட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள். 10 சென்ட்டில் ஐந்தடி தண்ணீர் என்றால் ஆறு லட்சம் லிட்டர். லிட்டருக்கு ஒரு கிராம் என்றாலே 600 கிலோ. அப்புறம் அந்தத் தண்ணீரை எந்தப் பயிருக்குப் பாய்ச்சுவீர்கள்?

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பஞ்சுக்கு அடியில் சிவப்புப் புள்ளியோ சதை தெரியும் புண்ணோ இருந்தால் இது வேறு சங்கதி. அஃபனோமைசஸ் என்ற இன்னொரு நீர்ப்பூஞ்சை, 1971-ல் ஜப்பானில் முதலில் கண்டது, 1988-ல் இந்தியாவுக்கு வந்தது. அது தோலோடு நிற்காமல் சதைக்குள் வேர்விடும், உப்பு அங்கே எட்டாது. விராலைத்தான் முதலில் பிடிக்கும், கட்லாவும் தப்பாது. ஜிலேபி கெண்டைக்கு அவ்வளவாக ஒன்றும் ஆகாது. மழையில் ஏரித் தண்ணீர் உள்ளே வந்ததா, கூடவே விரால், குரவை ஏதும் நுழைந்ததா என்று பாருங்கள். அப்படியென்றால் வாய்க்காலை அடைத்துவிட்டு, தண்ணீரின் பிஹெச் (அமில-கார அளவு) 8-க்குக் கீழே இருந்தால் மட்டும், 10 கிலோ விவசாயச் சுண்ணாம்பைக் கரைத்துக் காலையில் தெளியுங்கள். புண் பிடித்த மீனை விற்க வேண்டாம். மனிதருக்கு இந்த நோய் தொற்றாது, பயம் வேண்டாம்.

மீனை மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். உயிரோடு கொண்டுவா என்பார்கள். ஒருமுறை ஒரு விவசாயியோடு நானே போனேன். அலுவலர் கூட்டத்தில் இருக்கிறார் என்று மதியம் வரை உட்காரவைத்தார்கள், பையில் மீன் மிதந்துவிட்டது. செத்த மீனில் எந்தப் பஞ்சும் வளரும், அதை வைத்து என்ன முடிவு சொல்ல? அதனால் நோயுள்ள மீனைத் தண்ணீரில் வைத்தே கைப்பேசியில் படம் எடுத்து முன்கூட்டியே அனுப்பி, நேரம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

செத்ததைக் கரையில் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். வாய்க்காலில் வீசினால் அடுத்த குட்டைக்காரர்தான் எனக்கு எழுதுவார்.