கிளி கைக்கு வரமாட்டேங்குதா? கேட்டதுக்கெல்லாம் எனக்குத் தெரிஞ்ச பதில்

போன வாரம் "கிளி வளக்குறவங்க யாராச்சும் எதாச்சும் கேக்கணும்னா கேளுங்க"ன்னு ஒரு வரிதான் போட்டேன், இவ்வளவு பேர் கேப்பீங்கன்னு நெனைக்கல. நான் டாக்டர் இல்ல. திருவையாறுல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், 14 வருஷமா வீட்ல காக்டெய்லும் (கொண்டை வச்ச சின்னக் கிளி) பட்ஜிஸும் இருக்கு (நம்ம பக்கம் பட்ஜிஸைத்தான் லவ் பேர்ட்ஸ்னு சொல்லுவோம், அசல் லவ் பேர்ட்ஸ் வேற). ஒரே மாதிரி கேள்வியெல்லாம் சேத்து வச்சு பதில் எழுதியிருக்கேன்.

கும்பகோணத்துல இருந்து ஒரு தம்பி: அண்ணே, ரெண்டு மாச காக்டெய்ல் வாங்கி 4 நாள் ஆச்சு. கையை உள்ள விட்டாலே மூலைக்கு ஓடிப்போய் கத்துது. என்ன பண்றது?

கையை உள்ள விடாதீங்க தம்பி. அதான் முதல் பதில்.

அது இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. கடையில அண்ணன் தம்பியோட ஒண்ணா ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்துச்சு, ஒரு கை உள்ள வந்துச்சு, எல்லாம் பதறி ஓடுச்சு, அந்தக் கை இதை மட்டும் அமுக்கிப் பிடிச்சு ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில போட்டுச்சு, அப்புறம் பஸ் சத்தம், ஹாரன் சத்தம், பெட்டி திறந்தா புது வீடு. இப்ப அதே மாதிரி ஒரு கை திரும்ப வருது. அதுக்கு கைன்னா பருந்துதான்.

முதல் ஒரு வாரம் தீனி, தண்ணி மாத்துறதைத் தவிர ஒண்ணும் பண்ணாதீங்க. அதையும் மெதுவா, என்ன பண்றீங்கன்னு வாயால சொல்லிக்கிட்டே பண்ணுங்க. கூண்டு உங்க நெஞ்சு உயரத்துல, ஒரு பக்கமாவது சுவத்தை ஒட்டி இருக்கட்டும், நாலு பக்கமும் திறந்த வெளியில வச்சா எந்தப் பக்கம் இருந்து எது வரும்னு பயந்துக்கிட்டே இருக்கும். அப்புறம் பக்கத்துல ஒரு நாற்காலியைப் போட்டு பேப்பர் படிங்க. நேருக்கு நேரா முறைச்சுப் பாக்காதீங்க, ரெண்டு கண்ணாலயும் குத்திட்டுப் பாக்குறது பூனையும் பருந்தும்தான். நீங்க பக்கத்துல இருக்கப்பவே அது தீனி தின்ன ஆரம்பிச்சா, ஒரு காலைத் தூக்கிக்கிட்டு தூங்குனா, அடுத்த படிக்குப் போலாம். அதுக்கு 5 நாளும் ஆகலாம், 5 வாரமும் ஆகலாம்.

நான் பண்ண தப்பைச் சொல்றேன். என் முதல் காக்டெய்லை ரெண்டாவது நாளே துண்டைப் போட்டுப் பிடிச்சேன், கடிக்குதுன்னு வெல்டிங் கையுறை வேற மாட்டிக்கிட்டேன். "பிடிச்சுப் பிடிச்சுப் பழக்குனாத்தான் பழகும்"னு ஒருத்தர் சொன்னாரு, நம்பினேன். அந்தப் பறவை என் கையில இருந்து ஒரு மணி தினை எடுக்க 7 மாசம் ஆச்சு. அடுத்து வந்ததை நான் தொடவே இல்ல, 19வது நாள் அதுவா விரல்ல ஒரு கால் வச்சுச்சு. ஒரு கால்தான். இன்னொரு கால் கம்பியில. அப்படியே என்னைப் பாத்துக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னுச்சு, கால் வெதுவெதுன்னு இருந்துச்சு, நான் மூச்சு கூட விடல. அப்புறம் காலை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு, நானும் விட்டுட்டேன். மறுநாள் ரெண்டு காலும் வச்சுச்சு.

மன்னார்குடி அக்கா: என்ன கொடுத்துப் பழக்கணும்? பட்டினி போட்டா சீக்கிரம் வரும்னு கடைக்காரர் சொல்றார்.

பட்டினி மட்டும் போடாதீங்க அக்கா. காக்டெய்ல் மொத்த எடையே 90 கிராம் பக்கம், பட்ஜிஸ் 30, 40 கிராம்தான். ஒரு நாள் சரியா தின்னலைன்னாலே ஒடம்பு போயிடும்.

தினைக்கதிர் வாங்குங்க. பெட் ஷாப்ல கதிராவே கிடைக்கும். தினைப்புனத்துல கிளி விரட்டுறதைச் சங்கப் பாட்டுல இருந்து வள்ளி கதை வரைக்கும் பாடி வச்சிருக்காங்கல்ல, கிளிக்கு தினைன்னா அப்படி ஒரு கிறுக்கு. சூட்சுமம் என்னன்னா, கிண்ணத்துல தினை போடாதீங்க. கிண்ணத்துல கம்பு, கீரை, கேரட்டு மத்ததெல்லாம் வயிறு நிறைய இருக்கட்டும், தினை மட்டும் உங்க கையில இருந்துதான் வரணும். முதல்ல நீளமான கதிரா கம்பிக்கு வெளிய இருந்து நீட்டுங்க, அது ஒரு முனையில தின்னும், நீங்க இன்னொரு முனையில. நாளாக நாளாக கதிர் குட்டையாகும், உங்க விரல் தன்னால கிட்டப் போயிடும்.

கிளி ஜோசியம் பாத்திருப்பீங்க. கதவைத் திறப்பாரு, வரும், சீட்டு எடுக்கும், உடனே ஒரு நெல்லு. ஒரே ஒரு நெல்லு. கை நிறைய அள்ளிக் கொடுத்தா அது அங்கயே உக்காந்து தின்னும், அடுத்த சீட்டு யாரு எடுக்குறது. செஞ்ச அடுத்த நொடி கூலி வரணும், கூலி சின்னதா இருக்கணும், பழக்குறதுல பாதி வேலை இதுதான். (அந்தப் பச்சைக்கிளியைக் கூண்டுல வச்சிருக்கிறது சட்டப்படி தப்பு, றெக்கையும் வெட்டியிருப்பாங்க, அது வேற. அதுக்கு கீழ வர்றேன்.)

நேரம் கேட்டீங்கன்னா, காலையில 5 நிமிஷம், சாயங்காலம் 5 நிமிஷம். அது இன்னும் வேணும்னு கழுத்தை நீட்டுறப்பவே நிறுத்திடணும்.

பட்டுக்கோட்டையில இருந்து: பாஸ், விரல்ல ஏறுது, ஆனா திடீர்னு ரத்தம் வர்ற மாதிரி கடிக்குது. மூக்குல ஒரு சுண்டு சுண்டலாமா?

சுண்டாதீங்க. ஊதாதீங்க. கத்தவும் கூடாது, நீங்க ஆ ஊன்னு குதிக்கிறது அதுக்கு சினிமா, நாளைக்கு திரும்ப டிக்கெட் எடுக்கும்.

முதல்ல ஒண்ணு, எல்லாம் கடி இல்ல. கிளிக்கு மூக்குதான் மூணாவது கை. ஏறுறதுக்கு முன்னாடி கிளை ஆடுதான்னு பாக்குற மாதிரி விரலை மூக்கால பிடிச்சுப் பாக்கும், அப்ப நீங்க விரலை வெடுக்குனு இழுத்தீங்கன்னா இந்தக் கிளையை நம்ப முடியாதுன்னு முடிவு பண்ணிடும். ரெண்டாவது, நிஜமான கடிக்கு முன்னாடி அது சொல்லாம இருக்காது. காக்டெய்லுக்கு கொண்டையைப் பாருங்க: குச்சி மாதிரி நேரா நின்னா எதையோ பாத்து மிரண்டிருக்கு, தலையோட ஒட்டப் படிஞ்சு வாயைத் திறந்து புஸ்ஸுனு சீறுனா கோவம், பாதி சாஞ்சு லூசா இருந்தா நல்ல மூடு. மூக்கை உரசி கறகறன்னு சத்தம் விட்டா தூக்கம் வருது, சந்தோஷமா இருக்குன்னு அர்த்தம். சீறுனப்ப கையை எடுத்திருந்தீங்கன்னா கடிச்சிருக்காது. "வேணாம்"னு மெதுவா சொன்னாலே கேப்பாங்கன்னு தெரிஞ்ச பறவை ஏன் கடிக்கப் போவுது?

கடிச்சுடுச்சுன்னா முகத்துல ஒண்ணும் காட்டாம கிட்ட இருக்கிற கம்பியிலயோ டேபிள்லயோ இறக்கி விட்டுட்டு ஒரு நிமிஷம் திரும்பிக்கங்க. அவ்வளவுதான். அப்புறம் கடி எங்க நடக்குதுன்னு பாருங்க, பல சமயம் கூண்டு வாசல்லதான் நடக்கும். அது அதோட வீடு, உள்ள விரலை விடாம வெளிய வரச் சொல்லிக் கூப்பிடுங்க. தடவுறதும் தலை, கன்னம், கழுத்து மட்டும்தான், முதுகு வேணாம், ஜோடி சேர்ற ஞாபகம் வந்துடும்.

பேராவூரணி: தென்னந்தோப்புல மரம் விழுந்து பச்சைக்கிளி குஞ்சு ரெண்டு கிடைச்சிருக்கு. வளக்கலாமா? பாவமா இருக்கு.

வளக்கக் கூடாது. நம்ம பச்சைக்கிளி 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வருது, 2022 திருத்தத்துக்கு அப்புறம் ரெண்டாவது அட்டவணையில இருக்கு. வாங்குறது, விக்குறது, வீட்ல வச்சிருக்கிறது எல்லாமே குத்தம். "எங்க தாத்தா வளத்தாரு"ங்கிறது செல்லாது. கஜா அடிச்ச 2018ல உங்க பக்கம் எவ்வளவு மரம் விழுந்துச்சு, பொந்தோட போன குஞ்செல்லாம் எத்தனையோ. உங்க மனசு புரியுது. துணி விரிச்ச அட்டைப் பெட்டியில இருட்டா, வெதுவெதுன்னு வச்சுட்டு உடனே வனத்துறைக்கு போன் போடுங்க. வாயில தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்.

இதுகூடவே சன் கானூர் பத்தி கேட்டவங்களுக்கும் சொல்லிடுறேன். அது வெளிநாட்டுக் கிளி, வளக்கலாம், ஆனா சைட்டிஸ் (நாடு விட்டு நாடு உயிரினங்களை விக்கிறதைக் கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கிறதால 2024ல வந்த விதிப்படி மத்திய அரசோட பரிவேஷ் போர்டல்ல பதிவு பண்ணணும். காக்டெய்ல், பட்ஜிஸ் அந்தப் பட்டியல்ல இல்ல.

மயிலாடுதுறை: கண்ணு திறந்த குஞ்சா வாங்கி கையால ஊட்டி வளத்தாத்தான் ஒட்டும்னு சொல்றாங்களே? செரிலாக் கொடுக்கலாமா?

விக்கிறவங்க சொல்ற கதைங்க அது, அவங்களுக்கு ஊட்டுற வேலை மிச்சம். புதுசா வளக்குறவங்க ஊட்டுனா மூச்சுக்குழாய்ல போயி செத்துப் போவுது, இல்ல சூடு ஜாஸ்தியாகி தொண்டைப்பை வெந்து போவுது. ஊட்டுற கஞ்சி 39ல இருந்து 41 டிகிரி செல்சியஸுக்குள்ள இருக்கணும், கையில தொட்டுப் பாத்து சொல்ற கணக்கு இல்ல, தெர்மாமீட்டர் வேணும். மனுசக் குழந்தைக்கான பவுடர்ல பால் இருக்கும், பறவைக்கு பால் சர்க்கரை செரிக்காது. தானா கொறிச்சுத் தின்னப் பழகுன குஞ்சா, காக்டெய்ல்னா 8, 10 வாரம் ஆனதா வாங்குங்க. நல்லாவே ஒட்டும்.

இளசான்னு எப்படிப் பாக்குறதுன்னு கேட்டிருந்தீங்க. பட்ஜிஸ்ல நெத்தியில வரி வரியா மூக்கு வரைக்கும் இறங்கியிருக்கும், கண்ணு முழுக் கருப்பா இருக்கும். மூணு நாலு மாசத்துல நெத்தி வெளுத்துடும், அதுக்கப்புறம் கண்ணைச் சுத்தி வெள்ளை வளையம் வரும்.

நாகப்பட்டினம்: கிச்சன்ல கூண்டு வைக்கலாமா?

வேணாம். நான்ஸ்டிக் தவா சூடு ஜாஸ்தியானா வர்ற புகை நமக்குத் தெரியக் கூடத் தெரியாது, பறவை கொஞ்ச நேரத்துல செத்துடும். கொசுவத்தி, சாம்பிராணியும் அது இருக்கிற ரூம்ல வேணாம்.

திருவாரூர்: ராத்திரி ரெண்டு மணிக்கு கூண்டுக்குள்ள படபடன்னு அடிச்சுக்குது. காலையில பாத்தா றெக்கையில ரத்தம். பேய் பயமான்னு எங்க அம்மா கேக்குறாங்க.

அம்மாகிட்ட பேய் இல்லன்னு சொல்லுங்க. காக்டெய்லுக்கு இது ரொம்ப சகஜம். இருட்டுல பல்லி ஓடியிருக்கும், லாரி லைட்டு சுவத்துல அடிச்சிருக்கும், உடனே பறக்கப் பாத்து கம்பியில மோதிக்கும். ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியட்டும், கூண்டை மூணு பக்கம் துணியால மூடிட்டு ஒரு பக்கம் விடுங்க. அடிச்சுக்கிட்டா லைட்டைப் போட்டு தூர நின்னு பேர் சொல்லிப் பேசுங்க, கையை விட்டுப் பிடிக்கப் போகாதீங்க. ரத்தம் நிக்கலைன்னா ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துட்டுப் போங்க.

10, 12 மணி நேரம் தூக்கம் வேணும் அதுக்கு. மார்கழியில எங்க தெரு குழாய் ஸ்பீக்கர் விடியக்காலையிலயே ஆரம்பிச்சுடும், அந்த ஒரு மாசம் என் பறவைங்க எல்லாம் சிடுசிடுன்னுதான் இருக்கும், அதனால நான் சாயங்காலம் ஆறரைக்கே கூண்டைத் துணியால மூடிடுவேன். சாமிகிட்ட சண்டைக்கா போக முடியும்.

வலங்கைமான்: றெக்கையை வெட்டிட்டா சீக்கிரம் பழகும்னு சொல்றாங்க, நிஜமா?

ஓட முடியாததால நிக்கும். நீங்க அதைப் பழகிடுச்சுன்னு நெனைச்சுக்குவீங்க. வெட்டுன றெக்கை உதிர்ந்து புதுசு முளைச்ச அன்னைக்கு நெஜம் தெரியும். ஃபேன்ல அடிபடும்னு சிலர் வெட்டுறாங்க, ஃபேனை ஆஃப் பண்ண சோம்பேறித்தனப்பட்டுக்கிட்டு றெக்கையை வெட்டுறதா? வெளிய விடுறப்ப ஃபேன் ஆஃப், ஜன்னல் சாத்தி, கண்ணாடிக்குத் திரை, அவ்வளவுதான்.

ஆனா எவ்வளவு பழகுனாலும் தோள்ல வச்சுக்கிட்டு தெருவுக்குப் போகாதீங்க. ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்பாங்க, 90 கிராம் பறவை எம்மாத்திரம். ஒரு ஆடியில மொட்டை மாடிக் கதவு காத்துல திறந்துக்கிச்சு, என் காக்டெய்ல் ஒண்ணு பறந்து போயிடுச்சு. அதோட ஜோடியைக் கூண்டோட மாடியில வச்சேன், அது விசிலடிச்சுக்கிட்டே இருந்துச்சு, மறுநாள் சாயங்காலம் மூணாவது வீட்டு முருங்கை மரத்துல இருந்து பதில் வந்துச்சு. தொலைச்சவங்க முதல்ல கூண்டையும் தீனியையும் மாடிக்குக் கொண்டு போங்க, விடியக்காலையும் அந்தி நேரமும்தான் இறங்கும்.

நீடாமங்கலம் பாப்பா (9 வயசுன்னு அவங்க அப்பா எழுதியிருக்கார்): எப்ப பேசும்?

பட்ஜிஸ்ல ஆண்ணா பேச வாய்ப்பு ஜாஸ்திடா கண்ணு. காக்டெய்ல் விசில்தான் நல்லா அடிக்கும், பொண்ணா இருந்தா அதுவும் கம்மி. பேசலைன்னா திட்டாத.

பாபநாசம் தம்பி: அண்ணே, வாங்குனது நான், தீனி போடுறது நான், தினமும் ரெண்டு மணி நேரம் கூண்டு முன்னாடியே உக்காந்து கூப்பிடுறேன். அது எங்க அம்மா தோள்லதான் போய் உக்காருது. அவங்க அதைக் கண்டுக்கவே மாட்டாங்க. ஏன்ணே?

கண்டுக்கலைல்ல, அதான் தம்பி. நீ ரெண்டு மணி நேரமா அதையே பாத்துக்கிட்டு வா வான்னு கையை நீட்டிக்கிட்டு இருக்க, உங்க அம்மா அந்தப் பக்கம் உக்காந்து முளைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்திருப்பாங்க, காம்பு பட்டு பட்டுனு உடையிற சத்தம் கேட்டு என்னன்னு பாக்க அதுவா போயிருக்கும், ஒரு இலையைக் கடிச்சிருக்கும், அவங்க விரட்டவும் இல்ல பிடிக்கவும் இல்ல. ரெண்டு நாளைக்கு கூப்பிடுறதை விட்டுட்டு நீயும் உக்காந்து கீரை ஆய்ஞ்சு பாரு. மருந்து அடிச்சிருப்பாங்க, நல்லா அலசிட்டு ஆய்.