தென்கொரியாவில் வெளிநாட்டு ஆசிரியராக இருப்பவரின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? நானும் போகலாமா?

2017 ஆகஸ்ட் முதல் இரண்டு ஆண்டுகள், தென்கொரியாவின் தென்மேற்கு மூலையிலுள்ள தென் ஜொல்லா மாகாணத்தில், ஒரு சிற்றூரின் ஆரம்பப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பித்தேன். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடியக் குடியுரிமை பெற்றவன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும். அங்கே ஒரு வெளிநாட்டு ஆசிரியர் நாள் முழுவதும் செய்யும் வேலை கற்பித்தல் என்பதைவிடக் குறிப்பறிதல் என்பதே என் அனுபவம்.

ஒப்பந்தப்படி வேலை நேரம் காலை 8.30 முதல் மாலை 4.30 வரை. வாரத்தில் 22 பாடவேளைகள். ஆரம்பப் பாடசாலையில் ஒரு பாடவேளை 40 நிமிடம் என்பதால், வகுப்பில் நிற்பது வாரத்துக்குப் பதினைந்து மணி நேரத்துக்கும் குறைவு. ஆங்கிலம் மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. வகுப்பில் கொரிய ஆசிரியை ஒருவரும் உடன் இருப்பார். எஞ்சிய நேரமெல்லாம் ஆசிரியர் அறையில், வாசலில் கழற்றி வைத்த சப்பாத்துகளுக்குப் பதிலாக மாட்டிய செருப்புடன், உங்கள் மேசையில் இருக்க வேண்டும். சுற்றிலும் எல்லாம் கொரிய மொழியில் நடக்கும். முதல் மாதத்தில் ஒருநாள், மணி அடித்ததும் படங்களையும் அட்டைகளையும் தூக்கிக்கொண்டு நான்காம் வகுப்புக்குப் போனேன். அறை வெறுமையாகக் கிடந்தது. பிள்ளைகள் காலையிலேயே சுற்றுலா புறப்பட்டுவிட்டார்கள். யாரும் மறைக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எனக்கு மட்டும் தனியே சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். கொரியர்கள் இதற்கு வைத்திருக்கும் சொல் 'நுன்ச்சி'. 'நுன்' என்றால் கண். முகத்தையும் சூழலையும் பார்த்து, சொல்லாததை விளங்கிக்கொள்வது. அது இல்லாத ஒருவரை அங்கே வெகுளி என்று நினைப்பதில்லை, மந்தமானவர் என்றே நினைக்கிறார்கள். அதன் பிறகு காலையில் வாசலில் பேருந்து நிற்கிறதா, பாடசாலை அதிபர் கோட்டு அணிந்திருக்கிறாரா என்று பார்த்த பின்பே என் நாளைத் திட்டமிட்டேன்.

மதிய உணவைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆசிரியர்களும் பிள்ளைகளும் ஒரே கூடத்தில், பள்ளம் பள்ளமாகப் பிரித்த உலோகத் தட்டில், சோறு, சூப், கிம்ச்சி எனும் புளிக்கவைத்த காரக் காய்கறி, இரண்டொரு கறிகள் என்று உண்கிறார்கள். வீட்டில் மாட்டிறைச்சி உண்ணாமல் வளர்ந்த எனக்குக் கைகொடுத்தவை உணவுப் பட்டியலில் ஒவ்வாமைக்காக அச்சிடும் எண்கள். 10 என்றால் பன்றி, 15 கோழி, 16 மாடு, 9 இறால். கொரிய எழுத்துகள் பிடிபடுவதற்கு முன்பே அந்த எண்கள் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. முழுச் சைவராக இருப்பது மிகக் கடினம். கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ இருக்கும், சூப்பின் அடிச்சாற்றை நெத்தலியில் எடுப்பார்கள். உண்டு முடித்ததும் ஆசிரியர்கள் பற்தூரிகையுடன் நடைகூடத்தில் உலாவிக்கொண்டே பல் துலக்குவார்கள். முதலில் வியப்பாக இருந்தது. இப்போது ரொறன்ரோவிலும் என் பையில் ஒரு தூரிகை இருக்கிறது.

ஆசிரியருக்கு மரியாதை உண்டு, அன்பளிப்பு கிடையாது. மே 15 ஆசிரியர் தினம். ஆனால் 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஊழல் தடுப்புச் சட்டத்தால், ஒரு மாணவி நீட்டிய கோப்பிக் குவளையைக்கூட நான் வாங்க முடியவில்லை. அவள் முகம் சுருங்கியது இன்னும் நினைவில் இருக்கிறது.

மிகவும் அலுப்பூட்டியது ஜனவரி. பிள்ளைகளுக்கு விடுமுறை, விடுமுறையில் நடத்தும் ஆங்கில முகாமும் முடிந்துவிட்டது, ஆனால் ஒப்பந்தம் உங்களை மேசையில் இருக்கச் சொல்கிறது. நடைகூடத்தில் வெப்பமூட்டி இல்லாத அந்தக் கட்டடத்தில், நானும் காவலாளியும் மட்டும் இருந்த நாட்களில்தான் கொரிய மொழியைப் படித்தேன். மாலையில் வீடு திரும்பினால் சூடேறிய தரையில் காலை வைக்கும் சுகம் ஒன்றே அந்த மாதத்தை நகர்த்தியது.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மாதம் ஏறத்தாழ 22 இலட்சம் வொன் கிடைத்தது. ஒற்றை அறை வீட்டைப் பாடசாலையே தந்தது. ஓய்வூதியத்துக்கு அப்போது சம்பளத்தில் 4.5 விழுக்காடு பிடித்தார்கள், அதே அளவை வேலை தருபவரும் செலுத்தினார். கனடியர் என்பதால் நாடு திரும்பும்போது அதை மொத்தமாகத் திரும்பப் பெற்றேன். ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாகவும் வந்தது. 'ஹாக்வோன்' எனப்படும் தனியார் வகுப்புகளில் வேலை பிற்பகலில் தொடங்கி இரவு வரை இழுக்கும். அப்படி ஒன்றில் இருந்த நண்பர் ஒருவர் இரண்டு மாதச் சம்பளத்துக்காக அலைந்ததைப் பார்த்த பிறகு, அரச பாடசாலையையே நான் பரிந்துரைப்பேன்.

இனி, நீங்கள் போகலாமா என்பது. மொழி கற்பிப்பவருக்கான ஈ-2 விசா, ஆங்கிலம் என்றால், அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்கே பொதுவாகக் கிடைக்கும். உங்கள் ஆங்கிலம் என்னுடையதைவிடச் சிறந்ததாக இருக்கலாம். அவர்கள் முதலில் பார்ப்பது கடவுச்சீட்டைத்தான். 2010 முதல் நடைமுறையிலுள்ள இந்திய-கொரிய உடன்படிக்கை, பட்டமும் ஆசிரியர் தகுதிச் சான்றும் உள்ள இந்தியர்களுக்குப் பாடசாலைகளில் உதவி ஆசிரியராக ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவு வழியாக வந்த ஒருவரையும் அந்த இரண்டு ஆண்டுகளில் நான் சந்திக்கவில்லை.